கரடியின் குரலறிந்து நடந்தால் கஷ்டம் இல்லை
மலைத் தோட்டத்தாரும் காட்டோர விவசாயிகளும் கவனிக்க வேண்டியவை

நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் வட்டாரங்களில் தேயிலை பயிரிடுவோருக்குக் கரடி புதிய பிராணி அல்ல. காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், மாலையில் விறகுச் சுமையுடன் திரும்புவோர், இரவில் காவலுக்குப் போவோர் எனப் பலரும் அதைக் கண்டிருப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள தென்காசி, திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களிலும் இதே நிலைதான். 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே காட்டிலிருந்து வெளிவந்த ஒரு கரடி மூவரைத் தாக்கிப் படுகாயப்படுத்தியது.

யானை வந்தால் மூங்கில் முறியும் ஓசையே தூரத்தில் சொல்லிவிடும். சிறுத்தை பெரும்பாலும் மனித அரவம் கேட்டதும் ஒதுங்கிவிடும். கரடி அப்படியல்ல. பக்கத்தில் வரும் வரையில் அது மனிதனைக் கவனிப்பதில்லை. கவனித்ததும் ஓடிப்போவதற்குப் பதிலாகப் பாய்ந்தும் விடலாம். ஆகவே கரடி விஷயத்தில் கண்ணைவிடக் காதுதான் நல்ல காவல். அது எழுப்பும் ஒலிகளுக்கு என்ன பொருள், கேட்டவுடன் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை வீட்டில் உள்ள குழந்தைகள் உட்பட எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

நம் காட்டுக் கரடி

தமிழ்நாட்டுக் காடுகளில் இருப்பது தேன் கரடி என்னும் ஒரே இனந்தான். இந்தியா, நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளில் இது வாழ்கிறது. கறுத்த, நீண்ட, சடை போன்ற ரோமம். நெஞ்சில் வெண்மையான வளைகோடு. வெளிறிய நீள மூக்கு. வளைந்த நீண்ட நகங்கள். இவைதாம் அடையாளம். வளர்ந்த ஆண் கரடி 80 கிலோ முதல் 145 கிலோ வரை எடை இருக்கும். பெண் கரடி 55 கிலோ முதல் 95 கிலோ வரை இருக்கும்.

1791-ல் இதற்கு முதன்முதலில் விஞ்ஞானப் பெயர் சூட்டிய ஆங்கிலேயர் ஜார்ஜ் ஷா, நீண்ட நகங்களைக் கண்டு, தென் அமெரிக்காவில் மரக்கிளையில் தொங்கிக்கொண்டு மெல்ல நகரும் தேவாங்கு போன்ற சோம்பேறிப் பிராணி வகையில் இதைச் சேர்த்துவிட்டார். பின்னர் அந்தத் தவறு திருத்தப்பட்டது. ஆனால் சோம்பல் என்ற பட்டம் மட்டும் ஆங்கிலப் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் இது சோம்பேறி அல்ல. ஓட்டத்தில் மனிதனை எளிதில் முந்தும். மரமும் ஏறும்.

இதன் முக்கிய ஆகாரம் கறையானும் எறும்பும். அத்துடன் தேன், நாவல், அத்தி, இலந்தை, கொன்றைக்காய், உண்ணிச்செடிப் பழம் ஆகியவற்றையும் விரும்பித் தின்னும். மலைத் தோட்டங்களில் பலாப்பழம் பழுத்தால் அதன் வாசனையைத் தேடி வந்துவிடும். முகரும் சக்தி மிக அதிகம். பார்வை அவ்வளவு கூர்மையானதல்ல. பனிப் பிரதேசக் கரடிகளைப்போல் மாதக்கணக்கில் உறங்குவதும் இல்லை. ஆகையால் வருஷம் முழுவதும் ஜாக்கிரதை தேவை.

ஏன் பாய்கிறது?

மனிதனைத் தின்பதற்காகக் கரடி பாய்வதில்லை. பயந்துதான் பாய்கிறது. இந்த இனம் நெடுங்காலமாகப் புலியும் சிறுத்தையும் நடமாடும் காட்டிலேயே வாழ்ந்து வந்திருக்கிறது. மரத்தில் ஏறினாலும் சிறுத்தை பின்தொடரும். மேய்வதோ பெரும்பாலும் திறந்த தரையில். ஆகவே பகைவன் நெருங்கினால் ஓடி ஒளிவதைவிட, முந்திக்கொண்டு சீறி அடிப்பதே பிழைக்கும் வழி என்று அதன் சுபாவம் அமைந்துவிட்டது. திடீரென்று பத்தடி தூரத்தில் எதிர்ப்படும் மனிதனும் அதற்கு ஒரு புலி மாதிரிதான்.

அன்றைய மத்தியப் பிரதேசத்தில், தற்போது சத்தீஸ்கரில் உள்ள வடக்கு பிலாஸ்பூர் வனக்கோட்டத்தில் 1998 ஏப்ரல் முதல் 2000 டிசம்பர் வரை 137 தாக்குதல்கள் பதிவாயின. அவற்றில் 11 பேர் உயிரிழந்தனர். அதாவது கரடியிடம் அகப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. முகத்திலும் தலையிலும் நகம் பட்டுவிட்டால் கண்ணோ, மூக்கோ, தாடையோ போய்விடக்கூடும். தினக்கூலிக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு அது வாழ்நாள் முழுவதும் தீராத சுமை. சில நிமிஷ எச்சரிக்கையால் இதைத் தவிர்க்க முடியும்.

துருத்தி ஊதுவது போன்ற ஒலி

கரடியின் ஒலிகளில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது இரை தின்னும் ஓசை. கறையான் புற்றை நகத்தால் பறித்ததும் அது மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ளும். உதடுகளைக் குழாய் போலக் குவித்து முதலில் மண்ணையும் தூசியையும் ஊதித் தள்ளும். பிறகு கறையானை உள்ளே உறிஞ்சும். மேல் வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இதற்கு இல்லை. அந்த இடைவெளி உறிஞ்சுவதற்கு வசதியாக இருக்கிறது. கொல்லன் பட்டறைத் துருத்தியைப் போல ஊதுவதும் இழுப்பதுமாக மாறி மாறி வரும் இந்த ஓசை, அமைதியான வேளையில் 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

இந்த ஓசையைக் கேட்டால் ஒரு விஷயத்தை நினைவில் கொள்ள வேண்டும். இப்படிச் சத்தமிட்டுத் தின்னும் நேரத்தில் கரடியின் கவனம் முழுவதும் புற்றுக்குள் இருக்கும். நம் காலடி அதன் காதில் விழாது. எனவே நாம்தான் அதைக் கண்டுகொள்ள வேண்டும். ஒலி வரும் திசையைக் கவனித்து, வந்த வழியே ஓசையின்றித் திரும்பிவிடுவது நல்லது. “என்னவென்று பார்ப்போம்” என்று புதரை விலக்கிப் பார்ப்பது பெரும் அபாயம்.

பெருமூச்சும் பல் நெரிப்பும்

மூக்காலும் வாயாலும் “உஃப், உஃப்” என்று பலமாகக் காற்றை வெளியேற்றும் ஓசை, கரடி நம்மை அறிந்துகொண்டது என்பதற்கு அறிகுறி. இது கோபத்தைவிடத் திகைப்பையே காட்டுகிறது. சில சமயம் பின்கால்களில் நிமிர்ந்து நின்று தலையை அசைத்து மோப்பம் பிடிக்கும். நிமிர்ந்து நின்றாலே தாக்கப் போகிறது என்று அர்த்தமில்லை. எதிரில் நிற்பது யார் என்று தெரிந்துகொள்ளவும் அப்படி நிற்கும். நம்மைத் தனியே விட்டு நகர அதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தை நாம் கொடுக்க வேண்டும்.

தாடையை அடித்துப் பற்களைப் படபடவென்று மோதுவது, தரையைக் காலால் அறைவது, எச்சில் ஒழுக உறுமுவது ஆகியவை அடுத்த நிலை. கரடி இனங்கள் பொதுவாக இப்படித்தான் “இதற்கு மேல் கிட்டே வராதே” என்று தெரிவிக்கின்றன. இவற்றைக் கேட்ட பிறகு ஓர் அடிகூட முன்னே வைக்கக் கூடாது.

ஆனால் ஒன்று. இந்த எச்சரிக்கைகள் எல்லாம் வரிசையாக வரும் என்று எதிர்பார்த்துவிடக் கூடாது. மிக அருகில் திடுக்கிட நேர்ந்தால், நம் நாட்டுக் கரடி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அலறிக்கொண்டே பாய்ந்துவிடும். அமெரிக்கக் கரடிகளைப் பற்றிப் படித்தும் படம் பார்த்தும் தெரிந்துகொண்ட எல்லாவற்றையும் இங்கே அப்படியே கடைப்பிடிப்பது சரியாக வராது.

குட்டியின் கீச்சுக்குரலும் ரீங்காரமும்

புதருக்குள்ளிருந்து நாய்க்குட்டி கத்துவது போன்ற கீச்சுக்குரல் வந்தால் அதுவே எல்லாவற்றிலும் அபாயமான ஒலி. தென்னிந்தியாவில் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரையில் கரடி குட்டி போடுகிறது. சாதாரணமாக ஒன்று அல்லது இரண்டு குட்டிகள். பாறை இடுக்கிலும் குகையிலும் சில வாரங்கள் வைத்து வளர்த்த பிறகு, தாய் தன் முதுகின்மேல் குட்டிகளை ஏற்றிக்கொண்டு வெளியே வரும். குட்டிகள் ஒன்றரை வயதுக்கு மேலும் தாயுடனே திரியும். குட்டியின் குரல் கேட்ட இடத்தில் தாய் இல்லாமல் இருக்காது. அது முன்னே நிற்கிறதா, பின்னே நிற்கிறதா என்று நமக்குத் தெரியாது. எனவே பக்கவாட்டில் சுற்றிப் போக முயலாமல், எந்த வழியாக வந்தோமோ அதே வழியாகப் பின்வாங்குவதே உசிதம். அனாதையாகக் கிடக்கிறது என்று இரக்கப்பட்டுக் குட்டியைத் தூக்கி வருவதும், கைப்பேசியில் படம் எடுக்க நெருங்குவதும் கூடவே கூடாது.

பாறைக் குகையிலோ அடர்ந்த புதரிலோ தேனீக் கூட்டம் இரைவது போல விடாமல் ஒரு முனகல் கேட்டால், கரடி ஓய்வாகப் படுத்துத் தன் பாதத்தைச் சூப்பிக்கொண்டிருக்கலாம். அதன் தூக்கத்தைக் கலைக்காமல் விலகிப் போய்விட வேண்டும். இரவில் இரண்டு மூன்று கரடிகள் சேர்ந்து கத்துவது போன்ற பேரிரைச்சல் கேட்பதும் உண்டு. அவை தங்களுக்குள் சண்டையிடுகின்றன, அல்லது இணை தேடுகின்றன. அந்த நேரத்தில் விளக்கை எடுத்துக்கொண்டு பார்க்கக் கிளம்பாமல் வீட்டுக்குள்ளே இருப்பதே நல்லது.

எதிர்ப்பட்டால் செய்ய வேண்டியது

1. ஓடக் கூடாது. ஓடுபவனைத் துரத்துவது காட்டுப் பிராணிகளின் சுபாவம். மேட்டிலும் பள்ளத்திலும் கரடி மனிதனைவிட வேகமாக ஓடும். “பள்ளத்தை நோக்கி ஓடினால் ரோமம் கண்ணை மறைத்துவிடும்” என்று சொல்லப்படுவதை நம்பி ஓடுவது ஆபத்து.

2. கரடி நம்மைப் பார்க்காதிருந்தால் சப்தமின்றிப் பின்வாங்க வேண்டும். பார்த்துவிட்டால் நின்று, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசிக்கொண்டே, அதற்கு முதுகைக் காட்டாமல் மெல்ல மெல்லப் பின்னே நகர வேண்டும். அது தப்பிப் போக வழி விட வேண்டும். அந்த வழியின் குறுக்கே நிற்கக் கூடாது.

3. பலர் இருந்தால் சிதறாமல் ஒன்றாக நெருங்கி நிற்க வேண்டும். குழந்தைகளை நடுவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

4. கல்லெறிவது, கம்பை ஓங்கிக்கொண்டு துரத்துவது, பட்டாசு கொளுத்தி மேலே வீசுவது ஆகியவற்றால் பிரயோஜனம் இல்லை. நழுவிப் போக நினைத்த கரடியையும் அவை திருப்பிவிடும்.

5. பாய்ந்தே விட்டால், கையில் கம்பு இருந்தால் அதை முன்னே நீட்டி இடைவெளி உண்டாக்கலாம். கூடையோ, விறகுக் கட்டோ, மூட்டையோ இருந்தால் அதை நடுவில் போட்டுவிட வேண்டும்.

6. கீழே தள்ளிவிட்டால் குப்புறப் படுத்து, முகத்தைத் தரையோடு அழுத்திக்கொள்ள வேண்டும். விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ள வேண்டும். முழங்கைகள் கன்னத்தின் இரு பக்கமும் மறைவாக இருக்கட்டும். முகம், கழுத்து, வயிறு ஆகிய மூன்றும் மறைந்தால் உயிருக்கு வரும் ஆபத்து வெகுவாகக் குறையும். அது புரட்டித் தள்ளினால் மறுபடியும் குப்புறத் திரும்பிக்கொள்ள வேண்டும்.

7. கரடி விலகியதும் உடனே எழுந்துவிடக் கூடாது. அசைவைக் கண்டால் திரும்பி வரக்கூடும். அது போய்விட்டது என்று உறுதியான பிறகே எழ வேண்டும்.

பழைய கதையில் பாதி உண்மை

இரண்டு நண்பர்கள் காட்டுக்குப் போனதும், ஒருவன் மரத்தில் ஏறிக்கொண்டதும், மற்றவன் மூச்சை அடக்கிக்கொண்டு செத்தவன் போலக் கிடந்ததும், கரடி வந்து காதில் முகர்ந்துவிட்டுப் போனதும் சிறு வகுப்புக் கதைப்பாடமாக எல்லோருக்கும் தெரியும். நண்பனைக் கைவிடக் கூடாது என்ற நீதிக்கு அந்தக் கதை பொருத்தந்தான். ஆனால் அதைக் கரடிப் பாடமாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

மரத்தில் ஏறியவனுக்கு நம் காட்டில் பாதுகாப்பு இல்லை. தேனுக்காக உயர்ந்த மரங்களில் ஏறிப் பழகிய பிராணி இது. கரடியைத் தூரத்தில் கண்டவுடனேயே மல்லாந்து படுத்து மூச்சை அடக்கிக்கொள்வதும் சரியல்ல. கரடி இறந்த பிராணியைத் தொடாது என்பது நிச்சயமான விதியும் அல்ல. படுப்பது என்பது, கரடி மேலே பாய்ந்துவிட்ட கடைசி நிலையில் முகத்தையும் கழுத்தையும் காப்பாற்றிக்கொள்ளும் உபாயம் மட்டுமே. அப்போதும் குப்புறப் படுக்க வேண்டுமே தவிர மல்லாந்து படுக்கக் கூடாது. குழந்தைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

நாம் எழுப்ப வேண்டிய ஒலி

கரடியின் ஒலியை அறிவது பாதி. நம் ஒலியை அதற்கு அறிவிப்பது மறு பாதி. நூறு அடிக்கு அப்பால் மனிதக் குரல் கேட்டால் பெரும்பாலான கரடிகள் தாமாகவே விலகிவிடும். ஆகவே காட்டோரப் பாதையில் தனியாகவும் மௌனமாகவும் நடப்பதுதான் முதல் தவறு. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ போக வேண்டும். திருப்பங்களிலும், ஓடைக் கரையிலும், காற்று எதிர்த்து வீசும்போதும் குரலை இன்னும் உயர்த்த வேண்டும். ஓடைச் சலசலப்பில் நம் குரல் அடங்கிவிடும். எதிர்க்காற்றில் நம் வாசனை கரடிக்குப் போய்ச் சேராது.

கையில் ஐந்தடிக் கம்பு ஒன்று இருப்பது நல்லது. மேற்கு இந்தியாவில் சில காட்டோரக் கிராமத்தார் கம்பின் தலைப்பில் மணிகளைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். நடக்க நடக்க மணி ஒலிப்பதால் தனியாகச் சத்தமிட வேண்டிய சிரமம் இல்லை. மாட்டுக் கழுத்துச் சலங்கை இரண்டைக் கட்டிக்கொண்டால் நம் ஊரிலும் இதைச் செய்துகொள்ளலாம். செலவு சொற்பம்.

காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு தோட்டப் பாதையில் நடப்பது இளைஞர்களிடம் வழக்கமாகிவிட்டது. கரடி நடமாடும் இடத்தில் இது இரட்டை அபாயம். கரடியின் ஒலி நமக்குக் கேட்காது. நம் ஒலியும் அதற்குக் கேட்காது.

கட்டாத நாயைக் காட்டுக்குக் கூட்டிப்போவதும் நல்லதல்ல. நாய் கரடியைச் சீண்டிவிட்டு எஜமானனின் காலடிக்கே ஓடிவரும். கரடியும் பின்னாலேயே வரும்.

தோட்ட வேலையில் முறைகள்

தேயிலைச் செடி இடுப்பளவு உயரம். அதன் வரிசைக்கு நடுவே படுத்திருக்கும் கரடி, மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கொழுந்து பறிக்கத் தொடங்குமுன் மேஸ்திரியும் இன்னும் இருவரும் மேல்பாதையில் நின்று தகரம் தட்டிக் குரல் கொடுத்து, பத்து நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். தோட்டத்தை எல்லாப் பக்கமும் சுற்றி வளைத்துச் சத்தமிடக் கூடாது. காட்டை ஒட்டிய பக்கத்தைத் திறந்து விட்டால் கரடி அந்த வழியே போய்விடும்.

நன்றாக வெளிச்சம் வந்த பிறகே வேலை தொடங்க வேண்டும். பனி மூட்டமாக இருந்தால் இன்னும் சற்றுத் தாமதிக்கலாம். மாலையில் இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். ஓடையோரப் பகுதிகளையும் சோலையை ஒட்டிய பகுதிகளையும் நடுப்பகலுக்கு ஒதுக்கி, விடியலிலும் அந்தியிலும் சாலையோரப் பகுதிகளில் வேலை செய்வது நல்ல ஏற்பாடு. இதில் தோட்டக்காரருக்கு அரை மணி நேர வேலை குறையலாம். ஒருவர் காயப்பட்டு மறுநாள் யாரும் வேலைக்கு வராமல் போவதைவிட அது சிறிய நஷ்டமே.

பராமரிப்பில்லாமல் விடப்பட்ட தேயிலைப் பகுதிகளில் உண்ணிச்செடி அடர்ந்து வளர்கிறது. பகலில் கரடி ஒதுங்க அது வசதியான இடம். பழமும் அங்கேயே கிடைக்கிறது. வீடுகளைச் சுற்றியும், பள்ளிக்கூடப் பாதையின் இரு பக்கமும், தண்ணீர் எடுக்கும் இடத்திலும் பத்து மீட்டர் அகலத்துக்காவது இந்தப் புதரை வேரோடு களைய வேண்டும். தனித்தனியாகச் செய்வதைவிட ஊராகச் சேர்ந்து வருஷத்துக்கு இரண்டு முறை செய்வது பலன் தரும்.

பலாவும் எண்ணெயும்

கரடியை வீட்டு வாசலுக்கு அழைப்பது பெரும்பாலும் நாம் வைத்திருக்கும் தீனிதான். வீட்டை ஒட்டிய பலாமரத்தில் பழம் பழுக்கும் வரை விடாமல், காயாக இருக்கும்போதே வெட்டிக் கறிக்கு விற்றுவிடுவது நல்லது. பழமாக விற்றால் கூடுதல் பணம் வரலாம். அந்த வாசனைக்கு யானையும் கரடியும் சேர்ந்து வந்தால் மரத்தோடு வீட்டுச் சுவரும் போகும். பழுத்து விழுந்தவற்றை அன்றன்றே பொறுக்கி ஆழக் குழிவெட்டிப் புதைக்க வேண்டும்.

எண்ணெய், வெல்லம், சர்க்கரை ஆகியவற்றின் வாசனையைத் தேடிக் கரடி கதவை உடைப்பதும் உண்டு. ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், தேநீர்க் கடை, சிறு கோயில் ஆகியவை இதில் அதிகம் பாதிக்கப்படுகின்றன. கோயில்களில் இரவு நடை சாத்துமுன் விளக்கில் மிஞ்சிய எண்ணெயை வடித்து எடுத்துவிட வேண்டும். கடைகளில் இவற்றை இறுக மூடிய தகர டின்களில் வைத்து, கதவுக்கு உறுதியான தாழ்ப்பாள் போட வேண்டும். எச்சில் இலையையும் சோற்றையும் வீட்டுப் பின்புறம் கொட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

தேனீப் பெட்டி வைத்திருப்போர் அவற்றைக் காட்டோரத்தில் வைக்காமல், வெட்ட வெளியில், வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, ஆட்கள் நடமாட்டம் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். மரக்கால் ஊன்றிய தாங்கியைக் கரடி எளிதில் சாய்த்துவிடும். வழுவழுப்பான, உயரமான இரும்புக் குழாயின்மேல் தாங்கியைப் பொருத்தி, அடியைக் கான்கிரீட்டில் பதிப்பது மேல்.

காயம் பட்டால்

கரடிக் காயத்தை மேலோட்டமாகப் பார்த்து எடைபோடக் கூடாது. மேலே சிறிய கீறலாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகக் கிழிந்திருக்கும். ரத்தம் பெருகினால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ரத்தப் பெருக்கு அதிகமில்லாத காயங்களைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவலாம். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, பச்சிலை எதையும் வைத்துக் கட்டக் கூடாது. தொங்கும் சதையைப் பிய்த்து எறியக் கூடாது. அதை இருந்த இடத்திலேயே வைத்துத் துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மருத்துவர் சேர்த்துத் தைக்க முடியும்.

காட்டுப் பிராணியின் கடிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், ரண ஜன்னிக்கான ஊசியும் அவசியம் போட்டுக்கொள்ள வேண்டும். “கரடிதானே, நாய் இல்லையே” என்று அலட்சியமாக இருப்பது ஆபத்து. வனத்துறைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். வனவிலங்கால் ஏற்படும் உயிர்ச்சேதத்துக்கும் காயத்துக்கும் அரசு நிவாரணத் தொகை தருகிறது. அதற்கு மருத்துவச் சான்றும் வனத்துறைப் பதிவும் தேவைப்படும் என்பதால் சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

சுருக்கும் அவுட்டுக்காயும் வேண்டாம்

அடிக்கடி வரும் கரடியின்மேல் ஜனங்களுக்குக் கோபம் வருவது இயல்பே. ஆனால் சுருக்குக் கம்பி வைப்பதும், மின்வேலி போட்டுக் கொல்வதும், பழத்துக்குள் அவுட்டுக்காய் வைப்பதும் சட்டப்படி கடும் குற்றம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தேன் கரடி இருக்கிறது. அதை வேட்டையாடினால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சுருக்கில் கால் அறுந்தும், வெடியில் வாய் சிதைந்தும் தப்பிய கரடி காட்டுக்குள் போய் இறந்துவிடும் என்று எண்ணக் கூடாது. அது வலியோடு புதரில் படுத்திருக்கும். மறுநாள் அந்தப் பக்கம் கொழுந்து பறிக்கப் போகிறவர் யாரோ, விறகு பொறுக்கப் போகும் குழந்தை யாரோ, அவர்தான் அந்தக் குற்றத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஊருக்குள் கரடி புகுந்துவிட்டால் கூட்டம் கூடி விரட்டுவதும் இதே விளைவையே தரும். நான்கு பக்கமும் ஆட்கள் நிற்கக் கண்டால் அது யார்மீதாவது பாய்ந்துதான் வழி உண்டாக்கிக்கொள்ளும். குழந்தைகளையும் கால்நடைகளையும் உள்ளே அடைத்து, காட்டுப் பக்கத்து வழியைத் திறந்து விட்டு, வனத்துறையினர் வரும் வரையில் தூர இருந்து கவனிப்பதே முறை.

கரடியால் நன்மையும் இல்லாமல் இல்லை. நாள்தோறும் அது தின்னும் கறையானுக்குக் கணக்கில்லை. நாவலும் கொன்றையும் அதன் எச்சத்தின் வழியே மலையெங்கும் முளைக்கின்றன. தோட்டத்துக்குத் தண்ணீர் தரும் சோலையை வளர்ப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. அதை அழிக்காமலும் அதனிடம் அகப்படாமலும் வாழ்வது முடியாத காரியமல்ல. தனியே போகாமை, குரல் கொடுத்துப் போதல், கையில் கம்பு, வீட்டைச் சுற்றிச் சுத்தம், காதில் கவனம் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். இந்த ஐந்துக்கும் பெரிய செலவு எதுவும் ஆகாது. அடுத்த பலாப் பருவம் வருமுன் ஒவ்வொரு மலைக்கிராமமும் ஒரு நாள் கூடிப் பேசி இவற்றைத் தங்கள் ஊர் வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.